இடைவெளி தொலைந்த வேலைநாட்கள்

வீட்டிலிருந்து வேலை என்று ஆனபோது எங்கள் குழுவில் எல்லோரும் முதலில் சொன்னது, "போய்வரும் நேரம் மிச்சம்" என்பதுதான். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்டைப் பெருந்தொற்று என்று அறிவித்திருந்தது. அதற்குப் பிறகு வந்த மாதங்களில் என்னிடம் வேலையும் இருந்தது, நேரமும் இருந்தது. பள்ளிப் பாடங்களுக்குப் படம் வரைவது என் தொழில். ஆனால் கையில் வந்ததெல்லாம் ஏற்கெனவே வரைந்த படங்களின் சாயலாகவே இருந்தது. ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்றார்கள். ஓய்வெடுத்தும் எதுவும் மாறவில்லை.

கிரஹாம் வாலஸ் என்ற ஆங்கிலேயச் சிந்தனையாளர் 1926இல் படைப்புச் சிந்தனையை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்: தயாரிப்பு, அடைகாத்தல், பொறி தட்டுதல், சரிபார்த்தல். இரண்டாவது கட்டத்தில் நாம் அந்த வேலையைப் பற்றி வலிந்து யோசிப்பதில்லை. அது உள்ளே தானாக ஊறிக்கொண்டிருக்கும். அலுவலக நாட்களில் எனக்கு அது நடந்தது பேருந்தின் ஜன்னலோரத்திலும் மாடிப்படியிலும்தான். மிச்சமாயிற்று என்று நாங்கள் மகிழ்ந்த நேரத்தில்தான் என் வேலையில் பாதி நடந்துகொண்டிருந்திருக்கிறது.

வீட்டிலும் இடைவெளிகள் உண்டே, பாத்திரம் கழுவுகிறோம், துணி மடிக்கிறோம் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் நிச்சயமற்ற காலத்தில் அந்த இடைவெளிகளில் கவலை வந்து உட்கார்ந்துகொள்கிறது. வேலை நிலைக்குமா, வீட்டுப் பெரியவர்களுக்கு ஏதாவது ஆகிவிடுமா, இன்றைய எண்ணிக்கை என்ன? கை ஒன்றைச் செய்யும், மனம் செய்தியில் இருக்கும். ஹார்வர்டைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்துகிறது. 2,250 பேரிடம் கைபேசி வழியாக அவ்வப்போது கேட்டபோது, கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் அவர்கள் மனம் செய்துகொண்டிருந்த வேலையில் இல்லை. அந்த ஆய்வில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு செய்தி உண்டு. மனம் இனிமையான விஷயத்துக்குப் போனபோது மகிழ்ச்சி குறையவில்லை. மற்ற நினைவுகளுக்குப் போனபோதுதான் குறைந்தது. ஆக, மனம் அலைவது தவறில்லை. ஒரே கவலையைச் சுற்றிச் சுற்றி வருவதுதான் அடைகாத்தலைக் கெடுக்கிறது என்று நான் நம்புகிறேன்.

மைண்ட்ஃபுல்னஸ், அதாவது இந்தக் கணத்தில் நடப்பதைக் குறை சொல்லாமல் கவனிக்கும் பயிற்சியின் பக்கம் நான் போனது அதனால்தான். அதன் வேர் புத்த மரபில், மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதியில் இருக்கிறது. ஜான் கபட்-ஜின் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1979இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் அதைச் சில வாரப் பயிற்சியாக வடிவமைத்தார். தீராத வலியோடு வாழ்பவர்கள் அங்கே வந்தார்கள். வலி போய்விடும் என்று அந்தப் பயிற்சி வாக்குக் கொடுக்கவில்லை. வலி இருக்கும்போதே எப்படி இருப்பது என்று கற்றுக்கொடுத்தது. எப்போது முடியும் என்று தெரியாத ஒரு காலத்தில் எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

மனதைக் காலியாக்க வேண்டும் என்று பலர் நினைத்து, முடியாமல் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் செய்வது எளிய காரியம். மூச்சைக் கவனிக்கிறோம், மனம் ஓடிவிடுகிறது, ஓடியதைக் கவனிக்கிறோம், திரும்பி வருகிறோம். அந்தத் திரும்பி வருதல்தான் பயிற்சி. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும், வெளிவிடும்போது குறையும். வெளிமூச்சை நீட்டினால் உடல் கொஞ்சம் தணிவது இதனால்தான்.

எனக்கு அதிகம் உதவியது உட்கார்ந்து செய்தது அல்ல, பென்சிலோடு செய்தது. வேலை தொடங்கும் முன் என் இடது கையையே பார்த்து வரைவேன், தாளைப் பார்க்காமல். கண் விரலின் விளிம்பில் எவ்வளவு மெதுவாக ஊர்கிறதோ அவ்வளவு மெதுவாகப் பென்சிலும் நகர வேண்டும். நகத்தின் ஓரம், மூட்டுச் சுருக்கம், தோல் மடியும் இடம். கொஞ்சம் அவசரப்பட்டால்கூடக் கண்ணுக்கு முன் பென்சில் ஓடிவிடும். அப்போதே தெரிந்துவிடும், கை மனதில் இருக்கும் 'கை'யை வரைகிறது, எதிரே இருப்பதை அல்ல என்று. வரும் படம் கோணல்மாணலாக இருக்கும். அதை யாருக்கும் அனுப்பப் போவதில்லை என்பதே பெரிய விடுதலை.

செல் பிரிதல் பாடத்துக்கு யோசனை வந்தது அப்படி ஒரு காலகட்டத்தில்தான், துணி மடித்துக்கொண்டிருந்தபோது. குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நின்று, ஒவ்வொன்றின் இரண்டு பாதிகளும் எதிரெதிர்த் துருவங்களுக்கு இழுபடுவதை, ஒட்டி வைத்த இரண்டு உள்ளங்கைகள் விலகுவதாகக் காட்டலாமே! படிக்கும் பிள்ளை தன் கையாலேயே செய்து பார்க்கலாம். பல நாள் வரைந்த அந்த இடது கைதான் உள்ளே ஊறியிருக்க வேண்டும்.

இரவில் முடியாத வேலை துரத்துபவர்களுக்கு ஒரு விஷயம். மறுநாள் எதை, எங்கிருந்து தொடங்குவது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். தெளிவான திட்டம் வந்ததும் முடிக்காத வேலையின் நச்சரிப்பு குறைகிறது என்று மசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011இல் காட்டினார்கள். எனக்கும் அது பலித்தது.

அப்புறம், கண்ணை மூடி உட்கார்ந்தால் சிலருக்குப் பதற்றம் கூடும், பழைய காயங்கள் மேலெழும். அவர்கள் கண் திறந்தபடி நடக்கலாம். அதுவும் ஒத்துவரவில்லை என்றால் நிறுத்திவிட்டு மனநல ஆலோசகரைப் பார்ப்பதே நல்லது. நிறுவனங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வேலையை இரட்டிப்பாக்கிவிட்டுத் தியானச் செயலி கொடுப்பது நியாயமில்லை. மூச்சுப் பயிற்சி ஊழியரின் பொறுப்பு என்றால், மூச்சுவிட நேரம் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு.

இதை எங்கள் குழுத் தலைவரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். இப்போது எங்கள் குழுவில் இரண்டு கூட்டங்களை அடுத்தடுத்து ஒட்டி வைப்பதில்லை. நடுவில் விடும் அந்த நேரத்தில் என்ன செய்தாய் என்று யாரும் யாரையும் கேட்பதுமில்லை.