ஆறாம் நாளில் தெரிந்த பிழை

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம் என்றாலும், குறுவைக்கு நாற்று விடுகிறவர்கள் அதற்கு முன்பே போர்வெல்லை நம்பி வேலையைத் தொடங்கிவிடுவார்கள். மன்னார்குடிப் பக்கம் அப்படியொரு மோட்டார் கொட்டகையில் நாங்கள் பொருத்திய நீர் மீட்டருக்கு டிவைஸ் டிரைவர் (மீட்டர் அனுப்புவதைக் கணினிக்குப் புரியவைக்கும் நிரல்) எழுதியவன் நான். ஆறாம் நாள் மாலை வயலுக்குச் சொந்தக்காரர் அழைத்து, "தம்பி, நம்ம போருல இவ்வளவு தண்ணி கெடக்குன்னு எனக்கே தெரியாதே" என்றார். திரையில் இருந்த எண்ணைக் கணக்கிட்டுப் பார்த்தேன். மேட்டூரின் முழுக் கொள்ளளவான 93.47 டி.எம்.சி.யைப் போல ஏறக்குறைய 7,000 மடங்கு வந்தது.

மீட்டர் தன் மொத்தக் கணக்கை மில்லிலிட்டரில், நான்கு பைட்டுகளாக அனுப்பும். டிரைவர் அவற்றின் பிட்டுகளை உரிய இடங்களுக்கு நகர்த்தி (ஷிஃப்ட் செய்து), ஒன்றாகச் சேர்த்து, 64 பிட் மாறியில் வைக்கும். பைட் யு8, மாறி யு64 (குறியில்லாத 8 பிட், 64 பிட் எண் வகைகள்). இரண்டிலுமே குறை எண்ணுக்கு இடமில்லை என்பதால் தவறு நேர வழியில்லை என்று நம்பியிருந்தேன். ஆனால் சி மொழியில் யு8 மதிப்பு கணக்கில் இறங்கிய உடனேயே குறியுள்ள, அதாவது குறை எண்ணுக்கும் இடமுள்ள, 32 பிட் இன்ட் ஆகிவிடுகிறது. உச்சிப் பைட் 128-ஐத் தொட்டால், 24 இடம் நகர்ந்ததும் அதன் முதல் பிட் குறிக்குரிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது (தரத்தின்படி இதன் விளைவு வரையறுக்கப்படவில்லை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் எங்கள் கம்பைலர் அதைக் குறை எண்ணாக எடுத்துக்கொண்டது). அதை 64 பிட்டுக்கு விரிக்கும்போது மேலே உள்ள 32 பிட்டுகளும் ஒன்றுகளால் நிரம்பி, 2147483648 என்று வர வேண்டியது 18446744071562067968 என்று வந்து நின்றது.

நொடிக்கு 10 லிட்டர் இறைக்கும் மோட்டார் அந்த எல்லையை எட்ட ஏறத்தாழ 60 மணி நேரம் ஆகும். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் ஆறு நாள். தஞ்சாவூரில் வாளியும் குழாயும் வைத்துச் சோதித்த எங்கள் கண்ணில் அது எப்படிப் படும்? வழக்கமான எச்சரிக்கை அமைப்புகளில் கம்பைலரும் வாய் திறக்கவில்லை.

உடன் வேலை பார்க்கும் இளைஞர், "சார், யு64 காஸ்ட் போட்டுட்டேன், ஆனா நம்பர் மாறல" என்றார். ஷிஃப்ட் முழுவதையும் அடைப்புக்குறிக்குள் வைத்து, அதற்கு வெளியே காஸ்ட் (எண்ணின் வகையை மாற்றும் குறிப்பு) போட்டிருந்தார். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்தும்: நகர்த்துவதற்கு முன்பே பைட்டை யு32 ஆக்கியிருக்க வேண்டும். நானும் வேறொரு டிரைவரில், இரண்டு 32 பிட் எண்களைப் பெருக்கிவிட்டு விடையின் மேல் யு64 போட்டு அரை நாள் விழித்தவன்தான் என்பதால் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. லினக்ஸில் நான்கு பைட்டுகளைச் சேர்த்து யு32 ஆகவே தரும் ஆயத்தச் சார்பு இருக்கிறது. கையால் எழுதிய வரியை நீக்கிவிட்டு அதையே வைத்தோம்.

இன்னும் 60 மணி நேரம் ஓடினால் மீட்டரின் 32 பிட்டும் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பும் என்பதும் அப்போதுதான் உறைத்தது. எனவே முந்தைய அளவுக்கும் இப்போதைய அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை யு32-இல் கழித்து, அதை 64 பிட் மொத்தத்தில் கூட்டும்படி மாற்றினோம்.

புதிய டிரைவரை ஏற்ற நானே கொட்டகைக்குப் போனேன். மடையை வெட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியை ஊன்றிவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தார். "அப்ப அந்தத் தண்ணியெல்லாம் எங்க போச்சு தம்பி?" என்று கேட்டார்.