தண்டுவடக் காயத்துக்குப் பின் நடைப்பயிற்சி: என் ஏழு மாதங்கள்

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிவிட்டு இறங்கும்போது சன்ஷேடில் கால் வழுக்கி விழுந்தேன். மார்புப் பகுதியின் 12ஆவது முள்ளெலும்பு நொறுங்கியது. கம்பியும் திருகாணியும் வைத்து அறுவை சிகிச்சை செய்த பிறகும் கால்கள் அசையவில்லை. எப்போது நடப்பேன் என்பதைத் தவிர வேறு கேள்வி என்னிடம் இல்லை. மருத்துவரோ ஆசனவாயைச் சுற்றித் தொட்டால் உணர்வு தெரிகிறதா என்று சோதிப்பதிலேயே குறியாக இருந்தார். எனக்குக் கூச்சமும் எரிச்சலும். தண்டுவடத்தின் கடைசி நரம்புகளின் உணர்வு அங்கேதான் என்றும், அது சிறிதளவு எஞ்சியிருந்தாலே காயம் முழுமையானதல்ல, கால்களில் வலு திரும்பும் வாய்ப்பு அதிகம் என்றும் பின்னர் ஒரு செவிலியர் விளக்கினார். எனக்கு அது எஞ்சியிருந்தது.

ஆனால் முதலில் சேர்ந்திருந்த மருத்துவமனையில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று என் மனைவியிடம் யாருமே சொல்லவில்லை. அதனால் வந்த படுக்கைப்புண் ஆறுவதற்காக, மறுவாழ்வு மையத்தில் முதல் 6 வாரங்களைக் குப்புறப் படுத்தே கழித்தேன். சிறுநீர்க் குழாயை நானே போட்டு எடுக்கக் கற்றதும் அப்போதுதான்.

நிற்பதற்கான பயிற்சி, படுத்த நிலையிலிருந்து நிமிர்த்தக்கூடிய பலகையான டில்ட் டேபிளில் தொடங்கியது. வாரினால் கட்டி, பலகையை 30 டிகிரி நிமிர்த்தியதுமே ரத்தம் காலுக்கு இறங்கிக் கண் இருண்டது. கால்களில் இறுக்கக் கட்டுப் போட்டு, நாளுக்குச் சிறிது சிறிதாக உயர்த்தினார்கள். பிறகு பாரலல் பார், அதாவது இருபுறமும் பிடித்துக்கொண்டு நிற்கவும் நடக்கவும் உதவும் இரண்டு கம்பிகள். அங்கே நான் கற்ற முக்கியமான பாடம், காலால் நிற்க முயலக் கூடாது என்பது. இடுப்பை முன்னே தள்ளித் தோளைப் பின்னே சாய்த்தால், இடுப்பு மூட்டின் முன்புறத் தசைநார்களே உடலைத் தாங்கிக்கொள்ளும். பயத்தில் குனிந்தால் உடல் மடங்கிவிடும். நானோ பத்து நாள் குனிந்துகொண்டே இருந்தேன், எதிரிலிருந்த கண்ணாடியைப் பார்த்துத்தான் திருந்தினேன்.

இடது தொடையில் வலு திரும்பியது, வலதில் திரும்பவில்லை. எனவே இடக்காலுக்குக் கணுக்காலைப் பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கியும், வலக்காலுக்கு முழங்காலில் பூட்டுள்ள, காலிபர் என்ற நீளமான தாங்கியும் செய்து கொடுத்தார்கள். வலது ஊன்றுகோல், இடக்கால், இடது ஊன்றுகோல், வலக்கால் என்ற வரிசையில்தான் நடை. அதற்கும் முன்பாக விழக் கற்றுக்கொடுத்தார்கள்: ஊன்றுகோல்களைப் பக்கவாட்டில் வீசிவிட்டு, முழங்கையைச் சற்று மடக்கி, உள்ளங்கைகளை ஊன்றி மெத்தையில் விழ வேண்டும். காலிபரைக் கழற்றியதும் தோலில் சிவப்புத் தடம் இருக்கிறதா என்று கைக்கண்ணாடியில் பார்ப்பது இன்றும் தொடர்கிறது, ஏனெனில் பாதத்தில் உரசினால் எனக்குத் தெரியாது.

இந்த நடை மிகவும் களைப்பூட்டுவது. கூடத்திலிருந்து சமையலறைக்குப் போவதற்குள் சட்டை நனைந்துவிடும். சக்கர நாற்காலியை ஒப்புக்கொள்வது தோல்வி என்று நான் பிடிவாதம் பிடித்தபோது, பிசியோதெரபிஸ்ட் டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றிச் சொன்னார். 1954இல் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்ட பிறகும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் அமையக் காரணமானவர். அன்று எனக்கு அது ஆறுதலாகப் படவில்லை, அறிவுரையாகத்தான் பட்டது.

இப்போது பள்ளிக்குச் சக்கர நாற்காலியில்தான் போகிறேன். வகுப்பில் மட்டும் காலிபரைப் பூட்டிக்கொண்டு எழுந்து, மேசையில் இடுப்பைச் சாய்த்து, கரும்பலகையின் மேல்பகுதியில் தேதியை எழுதுகிறேன்.