எம்.ஜி.பி. சோக்கும் மூன்று வார அலைச்சலும்

மூன்று வாரம் அலைந்தேன், பெங்களூருக்கு மட்டும் இரண்டு நடை. கோளாறு என்னவோ ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமன்தான்.

வண்டி, சித்தப்பா விட்டுப்போன 1967 எம்.ஜி.பி., பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். மார்கழிக் காலையில் கிருஷ்ணகிரிக் குளிருக்குச் சோக் (குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தரும் கேபிள்) இழுக்காமல் அது கிளம்பாது. கிளம்பிய பிறகு சோக்கை உள்ளே தள்ளினாலும் கரும்புகை நிற்கவில்லை, ஐடிலில் குலுங்கிக் குலுங்கி அணைந்தது, பிளக்கைக் கழற்றினால் நான்கும் அடுப்புக்கரி மாதிரி.

முதலில் கொண்டுபோன பட்டறையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. மற்ற வண்டிகளில் இருக்கிற மாதிரி, காற்றை அடைக்கும் சோக் தகட்டைத் தேடியிருக்கிறார்கள். இதில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தருவது எஸ்.யூ. கம்பெனி கார்ப்பரேட்டர், அதில் தகடே கிடையாது. கேபிளை இழுத்தால் ஜெட், அதாவது பெட்ரோல் வரும் சின்னக் குழாய், கீழே இறங்கும், கீழ்நோக்கி மெலிந்துபோகும் ஊசியைச் சுற்றி இடைவெளி அகலும், பெட்ரோல் கூடுதலாக ஏறும், அவ்வளவுதான். அது தெரியாமல், என்னையும் கேட்காமல், இரண்டு ஜெட் நட்டையும் திருகி இருந்த செட்டிங்கையும் கெடுத்துவிட்டார்கள்.

அப்புறம்தான் தர்மபுரியில் பழைய அம்பாசடர் பார்க்கிற பெரியவர் ஒருவரிடம் போனேன். பானெட்டைத் திறந்ததுமே, "தம்பி, இது அந்தக் கால அம்பாசடர் எஸ்.யூ. தான், இதுல ரெண்டு இருக்கு" என்றார். இன்ஜினும் அதே பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கம்பெனி வம்சம், அதில் 1489 சிசி, இதில் 1798. டார்ச்சை அடியில் பிடித்துக்கொண்டு என்னைச் சோக்கை இழுத்துத் தள்ளச் சொன்னார். பின் ஜெட் ஏறிவிட்டது. முன் ஜெட் இறங்கியபடியே நின்றது. கட்டைவிரலால் மேலே அழுத்தினார், ஏறி உட்கார்ந்தது, அந்த நொடியே இன்ஜின் சத்தம் சீரானது. பெட்ரோல் பிசின் காய்ந்து ஜெட்டைப் பிடித்திருந்தது, கேபிளும் தளர்வே இல்லாமல் விறைப்பாக இருந்தது.

ஜெட்டில் கோடும் விழுந்திருந்ததால் இரண்டையும் மாற்றச் சொன்னார். பெங்களூர் ஜே.சி. ரோட்டில் வாங்கிவந்து மாட்டும்போதுதான் தெரிந்தது, கடைக்காரர் இரண்டும் ஒரே மாதிரி கொடுத்திருக்கிறார். முன், பின் ஜெட்களின் நைலான் குழாய் நீளம் வேறு வேறு. பழையது இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், நான் கொண்டுபோகாததால் இன்னொரு நாள் போச்சு.

மாட்டியது அரை மணி வேலை. நட்டை முழுதாக மேலேற்றி, இரண்டு சுற்று இறக்கி அங்கிருந்து டியூன் பண்ணினோம். ஜெட் முழுக்க மேலே இருக்கும்போதே, ஊசி மாட்டியிருக்கும் கார்ப்பரேட்டர் பிஸ்டனைத் தூக்கி விட்டுப் பாருங்கள், 'டக்'கென்று விழ வேண்டும். விழவில்லையென்றால் ஜெட் நடுவில் இல்லை. கேபிளில் ஒன்றரை மில்லிமீட்டர் தளர்வு கட்டாயம் விடுங்கள். ஜெட் இறுகினால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், கிளீனரில் துடைத்தாலே போதும்.

இன்று காலை ஐந்தரைக்கு இரண்டாவது செல்ஃபில் பிடித்தது. ரவுண்டானா தாண்டுவதற்குள் சோக்கை உள்ளே தள்ளிவிட்டேன், புகை இல்லை. வீட்டுக்கு வந்ததும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், நான்கும் காப்பி நிறம்.