லைஃப் ஜாக்கெட் எண்ணுகிற வேலை

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன டிராவல் ஏஜென்சியில் 17 வருஷமாக டூர் லீடர் வேலை பார்க்கிறேன். தமிழ்க் குடும்பங்களை நான் அதிகம் கூட்டிப்போனது இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் இருக்கிற தோபா ஏரிக்குத்தான். சாங்கியில் விமானம் ஏறினால் மேடான் நகரத்துக்கு ஒன்றரை மணி நேரப் பயணம், அப்புறம் மலைப்பாதையில் பஸ், அதனால் பள்ளி விடுமுறை என்றால் நல்ல கூட்டம் வரும்.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது எல்லாரையும் ஆபீசில் உட்கார வைத்து, முறுக்கும் டீயும் கொடுத்து விவரம் சொல்வோம். யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார், "கொடைக்கானல் ஏரி மாதிரிதானே?" கொடைக்கானலில் இருப்பது 1863இல் கரை கட்டித் தேக்கிய ஏரி, சைக்கிளை வாடகைக்கு எடுத்து ஒரு சுற்று வந்துவிட்டு பஜ்ஜி சாப்பிடலாம். தோபா, சுமார் 74,000 வருஷத்துக்கு முன்னால் எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளம். சிங்கப்பூரை அப்படியே தூக்கி உள்ளே வைத்தாலும் இடம் மிச்சம் இருக்கும். ஆழம் 500 மீட்டருக்கு மேல், சிங்கப்பூரிலேயே உயரமான புக்கிட் தீமா மலையை மூன்று தடவை அடுக்கி இறக்கினாலும் உச்சி வெளியே தெரியாது.

இந்த ஆழக் கணக்கை முதலில் சும்மா வாயைப் பிளக்க வைக்கத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். 2018 ஜூன் 18, நோன்புப் பெருநாள் விடுமுறை சமயம், தோபாவின் நடுவே இருக்கிற சாமோசிர் தீவின் சிமானிண்டோவிலிருந்து அக்கரையில் திகாராஸுக்குப் போன சினார் பங்குன் என்ற படகு அளவுக்கு மீறி ஆட்களையும் மோட்டார்சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போய்க் கவிழ்ந்தது. பயணிகள் பட்டியலே கிடையாது. 160 பேருக்கு மேல் கிடைக்கவில்லை. 450 மீட்டர் ஆழத்தில் படகு கிடப்பதைக் கண்டுபிடித்தும் மேலே கொண்டுவர முடியாமல் தேடுதலை நிறுத்திவிட்டார்கள்.

நான் அப்போது இங்கே உட்கார்ந்து அடுத்த குரூப்புக்கு டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். போன தடவை நாங்கள் ஏறிய படகில் எத்தனை லைஃப் ஜாக்கெட் இருந்தது என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. பார்த்திருந்தால்தானே வரும். தலையை எண்ணியிருக்கிறேன், பாஸ்போர்ட்டை எண்ணியிருக்கிறேன், சைவம் எத்தனை, அதில் வெங்காயம் பூண்டு சேர்க்காதவர் எத்தனை என்றுகூட எண்ணியிருக்கிறேன்.

அதிலிருந்து படகுத்துறையில் இறங்கியதும் முதல் வேலை ஜாக்கெட் எண்ணுவதுதான். ஒரு தடவை 23 பேருக்கு 15தான் இருந்தது, அதிலும் நாலுக்கு பக்கிள் உடைந்திருந்தது. ஏறமாட்டோம் என்று சொல்லிவிட்டேன். படகுக்காரர் முனகிக்கொண்டே போய் எங்கிருந்தோ மிச்சத்தைக் கொண்டுவர ஒன்றேகால் மணி நேரம் ஆனது, அக்கரையில் சொல்லிவைத்திருந்த சாப்பாடு ஆறிப்போனது, ஊர் திரும்பியதும் ஒருவர் ஆபீசுக்கு நீளமாகப் புகார் எழுதினார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அக்கா, ஆழத்தச் சொல்லி பயமுறுத்தாதீங்க, வியூவச் சொல்லுங்க" என்றார். சரி என்றேன். அடுத்த குரூப்புக்கும் ஆழத்தைத்தான் சொன்னேன்.

வியூ என்று சொல்லியே விற்றுப் பழகிவிட்டோம். அங்கே இருக்கிற பாத்தாக் மக்கள் அந்தத் தண்ணீரில்தான் துணி துவைக்கிறார்கள், கூண்டு கட்டி மீன் வளர்க்கிறார்கள், சாமோசிரிலிருந்து சந்தைக்கு அதன் மேலேயே போய் வருகிறார்கள். வயலுக்கு நடுவே வீடு மாதிரி கூரை வைத்த கல்லறைகள் நிற்கும். புதைத்துப் பல வருஷம் கழித்து முன்னோர் எலும்புகளை எடுத்து, சொந்தபந்தத்தைக் கூப்பிட்டு விருந்து போட்டு, அந்தக் கல்லறையில் வைப்பார்கள். எங்கள் குரூப் அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்கும்போது, படகு கவிழ்ந்ததில் எடுத்து வைக்க எதுவும் கிடைக்காத அந்தக் குடும்பங்கள் நினைவுக்கு வரும். அதை யாரிடமும் சொல்வதில்லை.

போன டிசம்பர் முதல் வாரம் வாடகைப் படகு அமையாமல் ஊர்க்காரர்கள் போகிற படகிலேயே ஏறினோம். அங் மோ கியோவிலிருந்து வந்த பாட்டி ஒருவர், விடியற்காலையிலேயே மேடான் மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு (புகையிலைத் தோட்டக் காலத்தில், 1884இல் நம்மவர்கள் கட்டியது) பட்டுச்சேலையோடு வந்திருந்தார். ஜாக்கெட்டின் ஆரஞ்சு வெளுத்துப்போய் டீசல் வாடை அடித்தது, வார் பிசுபிசுவென்று இருந்தது. "ஏம்மா, சேல பாழாயிடும்மா" என்று சொல்லச் சொல்ல மாட்டிவிட்டு வாரை இழுத்துக் கட்டினேன். என்னையும் சேர்த்து 23 பேர், 24 ஜாக்கெட். கூட வந்த ஊர்க்காரர்களுக்கு எத்தனை இருந்தது என்று நான் எண்ணவில்லை, அது படகு நகர்ந்த பிறகுதான் உறைத்தது.

எதிர் பெஞ்சில் வெள்ளைச் சட்டை, சிவப்பு டவுசரில் ஒரு பள்ளிக்கூடப் பையன் பாட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். மிச்சம் இருந்த ஒன்றை அவனிடம் நீட்டினேன். "தெரிமா காசே" என்று வாங்கி, பெஞ்சில் மடித்துப் போட்டு, வசதியாக அதன் மேல் உட்கார்ந்துகொண்டான்.