கையேட்டில் 11 கிலோமீட்டர், காட்டில் எவ்வளவு?

சிங்கப்பூரில் மலையேற்றமா என்று சிரிப்பவர்கள் உண்டு. தீவின் ஆக உயரமான இயற்கை மேடான புக்கிட் தீமாவே 163 மீட்டர்தான். நகரின் நடுவே அதைவிட உயரமான கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. இருந்தாலும் எந்த ஞாயிற்றுக்கிழமை போனாலும் மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டில் பாதி வழியில் காலிப் போத்தலும் கையுமாக உட்கார்ந்திருக்கும் ஒரு குழுவைப் பார்க்கலாம். நடைக் கையேட்டில் அந்த 11 கிலோமீட்டர் சுற்றுப்பாதைக்கு ‘எளிது முதல் நடுத்தரம்’ என்று போட்டிருக்கும். அதில் பொய் இல்லை. பாதையின் ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் கையேடு தரம் போடுகிறது; வெயில், ஈரப்பதம், தண்ணீர்க் குழாய் இருக்கும் தூரம் ஆகியவற்றை நாமேதான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நூலகத்திலோ பழைய புத்தகக் கடையிலோ நடைக் கையேடு கிடைத்தால் முதலில் அதன் வயதைப் பாருங்கள். பதிப்பு விவரப் பக்கத்தில் உள்ள ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம், மறுஅச்சுக்கும் திருத்திய பதிப்புக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. உள்ளே இருக்கும் பெயர்களே உண்மையைச் சொல்லிவிடும். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ்வரை மலாயா ரயில்பாதை இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அது 2011-க்கு முந்திய புத்தகம். அந்த ஆண்டு ஜூன் 30-ஆம் தேதியோடு ரயில் நின்றது, இப்போது அந்த 24 கிலோமீட்டரில் பெரும்பகுதி நடைபாதை. செஸ்நட் இயற்கைப் பூங்கா இல்லையென்றால் 2016-க்கு முன், வின்சர் இயற்கைப் பூங்கா இல்லையென்றால் 2017-க்கு முன். புக்கிட் தீமாவுக்குப் போகப் பேருந்து எண்களை மட்டும் கொடுத்து பியூட்டி வோர்ல்ட் ரயில் நிலையத்தைச் சொல்லாவிட்டால், டௌன்டவுன் வழித்தடத்தின் அந்தப் பகுதி திறந்த 2015 டிசம்பருக்கு முன்னால் எழுதியது என்று வைத்துக்கொள்ளலாம்.

பழையது என்பதற்காகத் தூக்கிப் போட வேண்டியதில்லை. மேடு எங்கே, பள்ளம் எங்கே, எந்த ஓடை எங்கே குறுக்கிடுகிறது, எந்த மரம் என்ன காய்க்கும் என்பவை இருபது ஆண்டானாலும் அப்படியேதான் இருக்கும். திறக்கும் நேரம், கழிவறை, பேருந்து எண், கட்டணம், எந்தப் பாதை மூடியிருக்கிறது என்பவை ஆறு மாதத்திலேயே மாறிவிடும். புக்கிட் தீமா வனப்பகுதியே சீரமைப்புக்காக 2014-இலிருந்து 2016 வரை பெரும்பாலும் மூடிக்கிடந்தது. ஆகவே முதல் வகையைப் புத்தகத்திலிருந்தும் இரண்டாம் வகையைத் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்திலிருந்தும் எடுங்கள், அதுவும் கிளம்புவதற்கு முதல் நாள் இரவில். நூலகப் புத்தகத்தில் பென்சிலால்கூடக் குறிக்காதீர்கள். 21 நாள் கடனுக்கு வாங்கியது, அடுத்தவரும் படிக்க வேண்டும். தேவையான இரண்டு பக்கத்தை நகலெடுத்து அதில் கிறுக்குங்கள்.

நகலெடுக்கும்போது ஒரு தவறு நேரும். வரைபடத்தின் மூலையில் 1:25,000 என்று இருக்கும், அதாவது 4 சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர். நகல் இயந்திரம் தாளுக்கு ஏற்றபடி படத்தைச் சுருக்கினால் அந்த விகிதம் பொய்யாகிவிடும். அதன் பக்கத்தில் கோடாக வரைந்திருக்கும் அளவுகோல் படத்தோடு சேர்ந்து சுருங்குவதால் எப்போதும் சரியாக இருக்கும். நகலில் அந்தக் கோடும் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு தையல் நூலை எடுத்துப் பாதையின் வளைவுகளோடு ஒட்டி வைத்து, நூலை நீட்டி அந்தக் கோட்டின்மீது அளந்தால் தூரம் வந்துவிடும். கையேடு சொல்வதைவிடக் கூடுதலாக வந்தால் உங்கள் நூலையே நம்பலாம். சில நூல்கள் தொடக்கத்திலிருந்து முடிவுவரை மட்டும் அளந்துவிட்டு, ரயில் நிலையத்திலிருந்து பாதையின் வாசல்வரை உள்ள ஒரு கிலோமீட்டரை மறந்துவிடும். அளவுகோலே இல்லாத கைவரைபடங்களும் உண்டு. அவற்றில் வடக்கு மேலே இருக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது, அம்புக்குறியைத் தேடிப் பாருங்கள்.

அடுத்தது நேரம். மலைநடைக்காரர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் ஒரு பழைய விதி இருக்கிறது. 1892-இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் போட்டது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம். பல கையேடுகளின் நேரக் கணக்குக்கு இதுதான் அடிப்படை. மெக்ரிட்சிச் சுற்றுக்குப் போட்டுப் பார்ப்போம்: 11 கிலோமீட்டருக்கு 2 மணி 12 நிமிடம், சின்னச் சின்ன ஏற்றங்களைக் கூட்டி 200 மீட்டர் என்று வைத்தால் இன்னும் 20 நிமிடம், மொத்தம் 2 மணி 32 நிமிடம். உண்மையில் மூன்றரை, நான்கு மணி நேரம் பிடிக்கும். ஸ்காட்லாந்தின் குளிரில் வியர்வை காய்ந்து உடல் தணியும். இங்கே வியர்வை காயாமல் சொட்டுகிறது, உடல் சூட்டைக் குறைக்க நடையைத்தான் குறைக்க வேண்டியிருக்கிறது. அதற்குமேல் வேர்களும் படிகளும் தொங்குபாலத்துக்கான வரிசையும். காட்டுக்குள் மணிக்கு 3 கிலோமீட்டர், பழைய ரயில்பாதை போன்ற சமதளத்தில் 4 என்று கணக்கு வையுங்கள்.

அந்த மெக்ரிட்சிப் பக்கத்தையே எடுத்து, எப்படிக் குறிப்பது என்று பார்க்கலாம். லோர்னி சாலைப் பக்கத்துப் பூங்காவில்தான் பெரும்பாலான கையேடுகள் தொடங்கும். அங்கே கழிவறை, தண்ணீர் எல்லாம் உண்டு. வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து மரவேர்ப் பாதையில் ஏறத்தாழ பாதிச் சுற்றில் ரேஞ்சர் நிலையம் வரும். அங்கும் தண்ணீர் உண்டு, இரண்டாவது வட்டம். அதற்குப் பிறகு கிளம்பிய இடத்துக்கே திரும்பும்வரை குழாய் இல்லை என்று வைத்தே கணக்குப் போடுங்கள். பிற்பாதியில் கோல்ஃப் திடலை ஒட்டிய பகுதியில் நிழலும் குறைவு. தண்ணீர் தீர்ந்துபோனவர்கள் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் இந்தப் பாதியில்தான்.

ட்ரீடாப் வாக் தொங்குபாலம் 250 மீட்டர் நீளம், காட்டின் தரையிலிருந்து அதிகபட்சம் 25 மீட்டர் உயரம். ஒருவழிப் பாதை. ரேஞ்சர் நிலையத்திலிருந்து ஏறிப் போய், பாலத்தைக் கடந்து, பெட்டாலிங் பாதையின் மரப்படிகள் வழியாக அங்கேயே திரும்ப வேண்டும். பாலத்தின் நடுவில் மனம் மாறினாலும் பின்னால் வர முடியாது, உயரத்துக்குப் பயப்படுபவர்கள் இதை முன்பே யோசித்துக்கொள்ளட்டும். வார நாளில் காலை 9 மணிக்கும் சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் 8.30-க்கும் திறந்து, 5 மணிக்கு மூடுவார்கள். கடைசி நுழைவு 4.45. திங்கட்கிழமை பாலம் கிடையாது, அன்று பொது விடுமுறை என்றால் மட்டும் உண்டு. திங்களன்று போய்விட்டால் சுற்றே வீண் என்று நினைத்துத் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். பாலம் ரேஞ்சர் நிலையத்திலிருந்து பிரியும் தனிக் கிளைதான், அதை விட்டுவிட்டுப் பெரிய சுற்றைத் தொடரலாம்.

இப்போது பின்னோக்கிக் கணக்கிடுங்கள். இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் எழும். 7.15-க்குப் பூங்காவில் காலை வைத்தால், பாலம் திறக்கும் நேரத்தையொட்டி வரிசை நீளும் முன் போய்ச் சேரலாம், 11 மணி வெயிலுக்கு முன் பெரும்பகுதி முடிந்துவிடும். பாலம் மட்டும் போதும் என்றால் அப்பர் தாம்சன் ரயில் நிலையத்தில் இறங்கி வின்சர் பூங்கா வழியாகப் போங்கள், பாலத்துக்கு ஏறக்குறைய பாதித் தூரம்தான். அந்தச் சாலையில் நல்ல பிராட்டாக் கடைகள் இருப்பதைக் கையேடு சொல்லாது. நடையை அந்தப் பக்கமாக முடிப்பவர்களுக்கு அது தெரியும்.

தண்ணீர் ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர். நான்கு மணி நேர நடைக்கு இரண்டு லிட்டரோடு கிளம்பி, ரேஞ்சர் நிலையத்தில் தாகம் இல்லாவிட்டாலும் நிரப்புங்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. உப்புப் பிஸ்கட்டோ ஊறுகாயோடு இரண்டு இட்லியோ போதும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி கைப்பேசிச் செயலியில் வெப்ப அழுத்த நிலையைப் பாருங்கள். வானிலைச் செய்தியில் வரும் சாதாரண வெப்பநிலை இதற்கு உதவாது. செயலியில் வரும் எண்ணோ ஈரப்பதத்தையும் வெயிலையும் காற்றையும் சேர்த்துக் கணக்கிட்டது. அதில் 31 டிகிரியைத் தொட்டால் நடுத்தரம், 33-ஐத் தொட்டால் அதிகம். 33 என்றால் நீண்ட பாதையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள்.

மழையைவிட மின்னல்தான் இங்கே பிரச்சினை. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம். சுமத்ரா பக்கமிருந்து வரும் புயல்காற்று விடியற்காலையிலேயே வந்து ஒன்றிரண்டு மணி நேரம் அடித்துவிட்டுப் போகும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே உள்ள நொடிகளை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் வரும். முப்பது நொடிக்குள் இடி கேட்டால் வெட்டவெளியை விட்டு இறங்குங்கள், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருங்கள். இதற்காகத்தான் நகல் வரைபடத்தில் ‘வெளியேறும் வழி’களைச் சிவப்பில் குறிக்க வேண்டும். தெற்கில் குன்றுகளை இணைக்கும் சதர்ன் ரிட்ஜஸ் பாதையில் அது எளிது: ஹெண்டர்சன் சாலை, அலெக்சாண்ட்ரா சாலை எனப் பேருந்து ஓடும் சாலைகள் கீழேயே இருக்கின்றன. ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம் சாலையிலிருந்து 36 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதன் மர வளைவுக்குள் மழைக்கு ஒதுங்கலாம் என்று தோன்றும், இடி நேரத்தில் அது ஆகாத இடம். மெக்ரிட்சியின் நடுப்பகுதியில் இப்படி இறங்கச் சாலை இல்லை, ஆகவே வானம் கறுத்திருந்தால் கிளம்பாமல் இருப்பதுதான் வழி.

காலணி பற்றிக் கையேடுகள் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடும். இங்கே அதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. நான்கைந்து ஆண்டுக்கு முன் வாங்கி, இரண்டு முறை போட்டு, பெட்டியில் வைத்த மலைநடைக் காலணி பார்க்கப் புதிதாக இருக்கும். மூன்றாவது கிலோமீட்டரில் அடிப்பாகம் முழுதாகக் கழன்று வரும். நடு அடுக்கில் உள்ள பாலியூரித்தேன், காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து உள்ளுக்குள்ளேயே மட்கிவிடுகிறது. போடாமல் வைத்திருந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். கிளம்புவதற்கு முன் கட்டைவிரலால் நடு அடுக்கை அழுத்திப் பாருங்கள். வெடிப்பு விழுந்தாலோ மாவாக உதிர்ந்தாலோ பசை போட்டுப் பயனில்லை, ஒட்டுவதற்கு அடியில் எதுவும் மிச்சமில்லை. பையில் இரண்டு பிளாஸ்டிக் கட்டுவார் இருந்தால் சாலைவரை இழுத்துக்கொண்டு வந்துவிடலாம். சாதாரண ஓட்டக் காலணி இந்தப் பாதைகளுக்குத் தாராளமாகப் போதும், அடியில் வரி தேயாமல் இருந்தால் சரி. மழைக்கு மறுநாள் வழுக்குவது மண்ணைவிடப் பாசி படிந்த பலகைப் பாதையும் தோல் உரிந்த வேரும்தான்.

குரங்குகளைப் பற்றி ஒன்றே ஒன்று. நெகிழிப் பையின் சரசரப்பைக் கேட்டாலே உணவு என்று வந்துவிடும், எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடுங்கள். காட்டு விலங்குக்குத் தீனி போடுவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம்.

புலாவ் ஊபின் தீவுக்குப் போகிறவர்கள் கையேட்டில் படகு அட்டவணையைத் தேடுவார்கள். அப்படி ஒன்று இல்லை. சாங்கி முனைப் படகுத்துறையில் 12 பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். வார நாள் பிற்பகலில் ஆள் சேர நேரமாகும், அவசரம் என்றால் காலி இருக்கைகளுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகலாம். நபருக்கு 4 வெள்ளி என்ற கணக்கில் ரொக்கமாக, சில்லறையாக எடுத்துச் செல்லுங்கள்.

நடை முடிந்து ரயிலில் உட்கார்ந்ததும் நகல் தாளில் இரண்டு எண்ணை எழுதுங்கள்: நைஸ்மித் விதிப்படி வந்த நிமிடம், உண்மையில் ஆன நிமிடம். மெக்ரிட்சிக்கு 152, உங்களுக்கு 228 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 1.5. அதுதான் காட்டுப் பாதையில் உங்கள் பெருக்கெண். அடுத்து புக்கிட் தீமாவும் டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவும் சேர்த்துப் போகும்போது விதிப்படி வரும் நேரத்தை அதனால் பெருக்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளோடு போனதற்கும் தனியாகப் போனதற்கும் வேறு வேறு எண் வரும். சதர்ன் ரிட்ஜஸுக்கு இதே 1.5-ஐப் போட்டால் நேரம் மிகுதியாகிவிடும், அங்கே காலுக்கடியில் பெரும்பாலும் தளம் போட்ட பாதைதான். அதற்குத் தனித் தாள் வையுங்கள்.