வன்னியில் அகச்சிவப்பு: வெள்ளை தானாக வரும், கறுப்பைத் தேடிப் போக வேண்டும்

அகச்சிவப்புப் படம் எடுப்பதற்காகக் கமராவின் உள் பில்டரைக் கழற்றி மாற்றியவர்கள் முதல் கிழமையில் எடுக்கும் படங்கள் எல்லாம் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும்: வெள்ளை மரம், வெள்ளைப் புல், நடுவே ஒரு வெள்ளை றோட்டு. வன்னியில் இது இன்னும் கூட. இலை வெளுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கிரவல் றோட்டும் செம்மண்ணும் காய்ந்த புல்லும் சேர்ந்து வெளுக்கும் என்பது படத்தைக் கணினியில் திறக்கும்போதுதான் தெரியவரும். செம்மண் 700 நானோமீற்றர் அலைநீளத்துக்கு மேலே, அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில், ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். ஆகவே காட்டோரக் கிரவல் பாதையும் அதன் இரு கரை மரங்களும், கண்ணுக்கு எவ்வளவு வடிவாக இருந்தாலும், 720 பில்டரில் (ஏறக்குறைய 720 நானோமீற்றருக்கு மேலான ஒளியை மட்டும் உள்ளே விடுவது) ஒரே சாயலில் கலந்து தட்டையாகிவிடும்.

படத்துக்குப் பாரம் கொடுப்பது கறுப்பு. அதைத் தருபவை இரண்டு: தெளிந்த வானமும் ஆழமான தண்ணீரும். வன்னியில் குளங்களுக்குக் குறைவில்லை என்பதால், அகச்சிவப்புப் படத்துக்கு இதைவிடத் தோதான இடம் கிடைப்பது கடினம் என்றே சொல்வேன்.

இலை ஏன் வெளுக்கிறது என்று விளங்கினால் மற்றது எல்லாம் இலகு. பச்சையம் 680 நானோமீற்றர் அளவில் உள்ள சிவப்பை உறிஞ்சிவிடும். 700ஐத் தாண்டியதும் அந்த ஒளியைப் பிடிக்காமல் கண்ணாடி போல விட்டுவிடும். இலைக்குள் கலங்களும் காற்றிடைவெளிகளும் மாறிமாறி இருப்பதால், உள்ளே போன ஒளி அங்கும் இங்கும் தெறித்து ஏறக்குறையப் பாதி மேலே திரும்பி வரும். மீதியில் பெரும்பங்கு இலையைக் கடந்து கீழே இறங்கும். 1910இல் இப்படியான படங்களை வெளியிட்ட றொபேட் வூட்டின் பெயரால் இதை வூட் விளைவு என்பார்கள். இலை தானாக ஒளிர்வதில்லை. இலையைக் கடந்து இறங்கும் அந்தப் பங்கை மறக்க வேண்டாம். குளக்கட்டு மருத மரத்தின் கீழே கண்ணுக்கு இருட்டாகத் தெரியும் நிழல், அகச்சிவப்பில் அவ்வளவு இருட்டாக இருக்காது. ஒரு கட்டடத்தின் நிழலோ கரிய இருட்டு. அந்த நிழலுக்கு ஒளி கொடுப்பது நீல வானம் மட்டும், அந்த வானத்திலும் அகச்சிவப்பு மிகக் குறைவு.

ஒரு பனையைக் கிட்ட நின்று பாருங்கள். நடுவில் குருத்தோலை, சுற்றிப் பச்சை ஓலை, கீழே தொங்கும் காவோலை. 850 பில்டரில் எடுத்தால் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே வெளிறல். காய்ந்த ஓலையில் பச்சையம் இல்லாவிட்டாலும் நார் இருக்கிறது, அதுவும் அகச்சிவப்பை நன்றாகத் திருப்பி அனுப்பும். காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்பார்கள், இந்த ஒளியில் இரண்டுக்கும் பேதம் இல்லை. பேதம் வேண்டுமானால் சிவப்பையும் சேர்த்து உள்ளே விடும் 590 பில்டரில் எடுக்க வேண்டும். பச்சை ஓலை சிவப்பை உறிஞ்சுகிறது, காவோலை உறிஞ்சுவதில்லை. அதனால் கணினியில் சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றிய பிறகு முதலாவது பொன்மஞ்சளாகவும் மற்றது வெளிறிய சாம்பலாகவும் பிரிந்து நிற்கும். சிறுபோகம் முடிந்து புல்லெல்லாம் கருகிய ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் 850ஐ விட 590 உதவுவது இதனால்தான்.

இனிக் கமரா. சிலிக்கன் சென்சர் ஏறக்குறைய 1100 நானோமீற்றர் வரை பார்க்கும். அதற்கு முன்னால் உள்ள வெட்டுப் பில்டர்தான் அகச்சிவப்பைத் தடுக்கிறது. மாற்றாத கமராவில் லென்ஸின் முன்னே ஹோயா ஆர்72 என்ற 720 பில்டரைப் பூட்டியும் எடுக்கலாம், ஆனால் நல்ல வெயிலிலும் பல விநாடி ஷட்டர் திறந்திருக்க வேண்டும். சோளகக் காற்றில் ஆடும் பனையோலையும் நெற்பயிரும் புகையாகிவிடும். நிக்கொன் டி70, டி40 போன்ற பழைய கமராக்களில் அந்த வெட்டுப் பில்டர் பலவீனமாக இருப்பதால் கொஞ்சம் தேறும். மாற்றிய கமராவில் மத்தியான வெயிலுக்கு ஐ.எஸ்.ஓ. 200, எஃப் 8, 1/125 அல்லது 1/250 விநாடி. கையில் பிடித்தே எடுக்கலாம்.

மாற்றும்போது இரண்டு வழி உண்டு. உள்ளேயே 720 போன்ற ஒரு பில்டரை வைத்துவிடலாம், அல்லது தெளிந்த கண்ணாடி வைத்து முழு நிறமாலைக் கமராவாக்கி, பில்டரை லென்ஸின் முன்னே மாற்றி மாற்றிப் பூட்டலாம். கண்ணாடி வழிப் பார்க்கும் டி.எஸ்.எல்.ஆர். என்றால் முதலாவது நல்லது, ஏனென்றால் முன்னே 720 பூட்டினால் வியூஃபைண்டர் இருட்டாகிவிடும். மிரர்லெஸ் என்றால் முழு நிறமாலையே என் தெரிவு. ஒரே குளக்கட்டில் நின்று 590, 720, 850 மூன்றிலும் எடுக்கலாம். சென்சரே குவியத்தைப் பிடிப்பதால் குவியப் பிழையும் வராது. பில்டர் இல்லாமல் மட்டும் எடுக்க வேண்டாம். கட்புல ஒளியும் அகச்சிவப்பும் லென்ஸில் ஒரே தளத்தில் குவியாது, படம் மங்கும், நிறமும் சேறாகும். பழையபடி சாதாரண நிறப் படம் வேண்டுமானால் முன்னே அகச்சிவப்பு வெட்டுப் பில்டர் பூட்ட வேண்டும். அதில் பளபளப்பான பூச்சு வகையை அகலக்கோண லென்ஸில் போட்டால் மூலைகளில் நிறம் மாறும். நீலப்பச்சைக் கண்ணாடி வகையில் அந்தக் குறை இல்லை, ஆனால் அது ஈரத்தில் மேற்பரப்பு மங்கக்கூடியது. மாரியில் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வையுங்கள். அரிசிக்குள் வைக்கும் பழக்கம் வேண்டாம், அரிசித்தூள் லென்ஸ் வளையத்துக்குள் போய்விடும்.

கையாலேயே மாற்றப் போகிறவர்கள் பற்றரியைக் கழற்றிச் சில மணித்தியாலம் விட்ட பின்னரே திறக்க வேண்டும். உள் ஃபிளாஷ் உள்ள கமராவில் அதன் கொள்ளளவி முன்னூறு வோல்ற் அளவில் ஏறியிருக்கும். பற்றரி இல்லாவிட்டாலும் அது உதைக்கும். ஜப்பான் கமராக்களின் திருகாணிகளுக்கு ஜப்பானியத் தரமான ஜே.ஐ.எஸ். முனை உள்ள திருப்புளி வேண்டும், சாதாரண நட்சத்திரத் திருப்புளி தலையை அரித்துவிடும். கழற்றும் ஒவ்வொரு ஆணியையும் ஒரு தாளில் கமராவின் படம் கீறி, அந்தந்த இடத்தில் ரேப்பால் ஒட்டிவிடுங்கள். நீளம் கூடிய ஆணியைத் தவறான துளையில் முறுக்கினால் உள்ளே பலகை உடையும். சென்சர் பலகையின் கீழே மெல்லிய தகடுகளோ வில்லுள்ள ஆணிகளோ இருக்கும். தகடென்றால் எது எந்த மூலைக்கு என்று குறித்து வையுங்கள், ஆணியென்றால் எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி எழுதுங்கள். அது பிசகினால் படத்தின் ஒரு பக்கம் மட்டும் கூர்மை இழக்கும், திருப்பிச் சரிக்கட்டுவது பெரிய வேலை.

கண்ணாடியின் தடிப்பில்தான் கனபேர் கோட்டை விடுகிறார்கள். சென்சரின் முன்னே உள்ள கண்ணாடி, குவியத்தைத் தன் தடிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பின்னே தள்ளுகிறது. 1 மில்லிமீற்றர் குறைந்த கண்ணாடி வைத்தால் குவியம் 0.3 மில்லிமீற்றருக்கு மேல் முன்னே போய்விடும். அதன் பிறகு பல லென்ஸ்களில் தூரக் காட்சி, அதாவது குளத்தின் மறுகரை, கூர்மையாகவே வராது. ஆகவே கழற்றிய பில்டரை வேர்ணியரால் அளந்து அதே தடிப்பில் எடுங்கள். இந்த வேலைக்குச் சோளக மாதங்களைத் தவிர்த்து மழை பெய்து தூசி அடங்கிய நாளைத் தெரிவு செய்வது நல்லது. யன்னலைப் பூட்டி, ஃபானை நிறுத்தி, நிலத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு இருங்கள். கண்ணாடிக்கும் சென்சருக்கும் இடையே அகப்பட்ட ஒரு தூசி, கறுத்த வானத்தில் அல்ல, வெளுத்த வயலில்தான் புள்ளியாகத் தெரியும். பூட்டிய பிறகு தூரத்துத் தொலைபேசிக் கோபுரத்தைக் குறிவைத்துச் சோதியுங்கள். கம்பிச் சட்டம் நான்கு மூலையிலும் ஒரே கூர்மையில் வரவேண்டும்.

லென்ஸ் விலையைப் பார்த்து வாங்கும் விஷயம் அல்ல இது. கட்புல ஒளிக்கு அருமையாக இருக்கும் லென்ஸ் சிலவற்றில் படத்தின் நடுவே வெளிறிய வட்டம் ஒன்று விழும். பூச்சும் குழாயின் உட்சுவரும் அகச்சிவப்பைத் தெறிக்க விடுவதே காரணம். துவாரம் சிறுக்கச் சிறுக்க அது துலக்கமாகும். வெறும் வானத்தையோ மதிலையோ எஃப் 4, 5.6, 8, 11, 16 என்று வரிசையாக எடுத்து, கணினியில் கொன்ராஸ்ற்றைக் கூட்டிப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் உண்மை தெரியும். எஃப் 16க்குப் போகாமலிருக்க இன்னொரு காரணமும் உண்டு. துவாரம் சிறுக்கும்போது ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதால் வரும் மங்கல், 800 நானோமீற்றரில் எஃப் 8இலேயே, கட்புல ஒளியில் எஃப் 11 தருவதற்கும் சற்று மேல்.

ஒளியளவில் கவனிக்க வேண்டியது சிவப்பு அலைவரிசை. 720இல் அதுதான் முதலில் நிரம்பி வெடிக்கும். மொத்த ஹிஸ்ரோகிராம் (ஒளியளவு வரைபடம்) சும்மா நடுவில் நிற்பதாகக் காட்டும், மூன்று நிறத்தையும் தனித்தனியே காட்டச் செய்யுங்கள். வெயில் பட்ட பச்சைப் புல்லில் தன்விருப்ப வெண்சமநிலை (கஸ்ரம் வைற் பலன்ஸ்) எடுத்துவிட்டு, றோ ஃபைலாகவே பதியுங்கள். லைட்ரூம் மென்பொருளில் திறந்தால் முழுக்கச் சிவப்பாகக் கிடக்கும், ஏனென்றால் அதன் வெண்சமநிலை அளவுகோல் 2000 கெல்வினில் நின்றுவிடும். அடோபியின் இலவச டிஎன்ஜி புரொஃபைல் எடிற்றரில் வெப்பநிலைச் சறுக்கியை மறை 100க்கு இழுத்து ஒரு புரொஃபைல் செய்துகொண்டால் அது தீரும். பிறகு ஃபோட்டோஷொப்பின் சானல் மிக்சரில் சிவப்பு வெளியீட்டுக்குச் சிவப்பு 0, நீலம் 100. நீல வெளியீட்டுக்குச் சிவப்பு 100, நீலம் 0. வானம் நீலமாகும், இலை மஞ்சளுக்கு வரும். 850இல் இதற்கு வேலையே இல்லை. அந்த அலைநீளத்தில் சென்சரின் மூன்று நிறச் சாயங்களும் ஒரே அளவு ஒளியை விடுவதால் கிடைப்பது கறுப்பு வெள்ளைதான்.

நேரம் என்று வந்தால், மற்றப் படக்காரர் வீட்டுக்குப் போகும் நேரம் எங்களுக்கு நல்ல நேரம். காலை பத்தரை முதல் பின்னேரம் மூன்றரை வரை. காற்றின் சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்மாறு என்பதால், 450 நானோமீற்றர் நீலத்தோடு பார்க்கும்போது 800இல் அது ஏறக்குறையப் பத்தில் ஒன்று. வானம் கறுப்பது அதனால்தான். சூரியனுக்குச் செங்குத்தான திசையில் முனைவாக்கமும் (ஒளி ஒரே தளத்தில் அதிர்வது) கூட என்பதால், முனைவாக்கப் பில்டர் ஒன்றைச் சேர்த்தால் அங்கே இன்னும் கறுக்கும். வன்னியில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் மத்தியானச் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும். அன்று அடிவானம் சுற்றிவர ஒரே மாதிரிக் கறுக்கும். மெல்லிய தூரப் புகாரை அகச்சிவப்பு ஊடுருவும். தை மாதக் காலைப் பனிமூட்டத்தை ஊடுருவாது, அதன் துளிகள் அலைநீளத்தைவிடப் பெரியவை. பனி கலையும் வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

இரணைமடுவில் நிற்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். கனகராயன் ஆறு வடக்கே ஓடுவதால் கட்டு குளத்தின் வடபுறத்தில் இருக்கிறது. கட்டில் நின்று தண்ணீரைப் பார்த்தால் முகம் தெற்கே. ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை மத்தியானச் சூரியன் சற்று முதுகுப் பக்கம் நிற்கும், லென்ஸுக்குள் ஒளி அடிக்காது. மார்கழியில் அது உச்சியிலிருந்து முப்பது பாகைக்கு மேல் தெற்கே சாய்ந்து முன்னே நிற்கும். அகச்சிவப்பில் லென்ஸ் பூச்சுகள் சரியாக வேலை செய்யாததால் வெளிறல் வரும், ஹூட் கட்டாயம். அந்த மாதங்களில் கட்டைவிட வயற்பக்கம் திரும்பி வடக்கே எடுப்பது மேல், வானமும் அந்தப் பக்கந்தான் கறுப்பு. விதைத்து முளைத்த புதிதில், தண்ணீர் கட்டிய வயல் கறுப்பாகவும் இளம் பயிர் வெள்ளை ஊசிகளாகவும் நிற்கும் சில நாட்கள் உண்டு. பயிர் மூடிவிட்டால் அந்தக் காட்சி போய்விடும்.

மழை பெய்து ஆற்றுக் கலங்கல் வந்த குளம் கறுக்காது, மண்துகள் ஒளியைத் திருப்பி அனுப்பிச் சாம்பலாகவே வரும். கலங்கல் அடங்கிய பிறகு அலைகரைப் பக்கம் போங்கள். தண்ணீருக்குள் நிற்கும் பட்டமரங்கள் எலும்பு போல வெளுத்து, கறுத்த நீரில் தனித்தனியே நிற்கும். தாமரை இலைகள் வெள்ளித் தட்டுகள். ஆனால் ட்ரைபொட்டைத் தண்ணீர் விளிம்பில் ஊன்றிக்கொண்டு குனிந்திருக்க வேண்டாம், குளங்களில் முதலை உண்டு. பின்னேரமானால் யானை இறங்கும் கரைகளும் உண்டு, ஊராக்களைக் கேட்டுவிட்டுப் போங்கள். மிதிவெடிப் பலகை கண்ட இடத்தில் நல்ல கோணத்துக்காக ஓர் அடியும் பாதையை விட்டு விலகக்கூடாது. முகாம்களின் பக்கம் கமராவைத் திருப்பவும் கூடாது.

பூநகரிப் பக்கக் கடலேரியில் தண்ணீர் ஆழமில்லை. ஒரு சாண் தண்ணீருக்கு 720இல் அடிமணல் சாம்பலாகத் தெரியும். 850ஐப் பூட்டினால் அதே இடம் நன்றாகக் கறுக்கும், அலைநீளம் கூடக்கூடத் தண்ணீர் கூடுதலாக உறிஞ்சுவதால். கரைப் பனைகளின் வெள்ளை வட்டத் தலைகளும் அந்தக் கறுப்பும்தான் படம், வேறு ஒன்றும் வேண்டாம். நந்திக்கடலில் நான் நிறம் மாற்றுவதில்லை. அந்தக் கரையில் மஞ்சள் இலையும் நீல வானமும் செய்து பார்க்க மனம் வராது. அங்கே 850 மட்டும், கறுப்பு வெள்ளையாக.