மூன்று லட்சம் மானியம், ஒன்றேமுக்கால் லட்சம் கைக்காசு

பத்து நாள் தெருக்கூத்துப் பட்டறை, முடிவில் ஓர் இரவு அரங்கேற்றம். மொத்தச் செலவு 4,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மத்திய கலாச்சார அமைச்சகம் கலா சன்ஸ்கிருதி விகாஸ் யோஜனாவின் கீழ் தரும் ‘கல்ச்சுரல் ஃபங்ஷன் அண்ட் புரொடக்‌ஷன் கிராண்ட்’ இதற்குப் பொருந்தும். சுருக்கமாக சி.எஃப்.பி.ஜி. உச்சவரம்பு 5 லட்சம். அபூர்வமாக 20 லட்சம் வரை போகும். எல்லாரும் பார்ப்பது இந்த 5 லட்சத்தைத்தான். திட்டச் செலவில் 75 சதவீதத்துக்கு மேல் கிடைக்காது என்ற வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆக 4 லட்சத்துக்கு 3 லட்சம். அதுவும் ஒரே தடவையில் வராது. முதல் தவணை அதில் 75 சதவீதம், அதாவது 2,25,000. மீதி 75,000 நிகழ்ச்சி முடிந்து, கணக்குக் கொடுத்து, அது ஏற்கப்பட்ட பிறகு. அரங்கேற்றம் முடிந்த விடியற்காலையில் பந்தல்காரரும் சமையல்காரரும் மைக்செட்காரரும் வந்து நிற்கும்போது குழுவின் கையில் 1,75,000 ரூபாய் வேறு வழியில் வந்திருக்க வேண்டும். அதில் 1,00,000 திரும்பி வரவே வராது.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகும் முடியும் என்று தோன்றினால் மட்டும் விண்ணப்பியுங்கள். முடியாது என்றால் திட்டத்தைச் சுருக்குங்கள். 2 லட்சத்தில் ஆறு நாள் பட்டறை நடத்திக் கணக்கை ஒழுங்காக முடித்த குழுவுக்கு அடுத்த முறை கேட்க முகம் இருக்கும்.

நிகழ்ச்சி நடத்தாமல், குழுவை ஆண்டு முழுதும் ஓட்டப் பணம் வேண்டும் என்றால் அது வேறு திட்டம்: குரு சிஷ்ய பரம்பரை, அதாவது நிரந்தரக் குழுக்களுக்கான ரெப்பர்ட்டரி கிராண்ட். குருவுக்கு மாதம் 15,000. சிஷ்யர்களுக்கு வயதைப் பொறுத்து 2,000 முதல் 10,000 வரை. நாடகக் குழுவில் ஒரு குருவுக்கு 18 சிஷ்யர்கள் வரை, இசை, நடனக் குழுவில் 10 பேர் வரை. கூத்தை நாடகத்தில் சேர்ப்பதா நடனத்தில் சேர்ப்பதா என்பதால் எட்டுப் பேருடைய மாதச் சம்பளம் மாறும். படிவத்தில் ‘நாடகம்’ என்றே போடுங்கள். தஞ்சாவூரில் 1986 முதல் இயங்கும் தென்னகப் பண்பாட்டு மையம் வழியாகவும் இதே பெயரில் ஒரு திட்டம் உண்டு. அதில் குருவுக்கு 7,500, பக்கவாத்தியக்காரருக்கு 3,750, சிஷ்யருக்கு 1,500. பெயர் ஒன்றாக இருப்பதால் ஒன்றின் படிவத்தை நிரப்பி மற்றொன்றின் முகவரிக்கு அனுப்புவது அடிக்கடி நடக்கிறது.

தனி ஆளுக்கான உதவிகளைக் குழுவின் பெயரில் கேட்டுப் பயனில்லை. 18 முதல் 25 வயதுக்குள் இருந்து, குறைந்தது ஐந்தாண்டு முறையாகக் கற்றவர்களுக்கு மாதம் 5,000 வீதம் இரண்டாண்டு உதவித்தொகை உண்டு. 25 முதல் 40 வரை ஜூனியர் ஃபெல்லோஷிப், மாதம் 10,000. 40க்கு மேல் சீனியர், மாதம் 20,000. இவற்றை டெல்லியிலுள்ள சி.சி.ஆர்.டி. என்ற கலாச்சார வள, பயிற்சி மையம் நடத்துகிறது. பணம் ஆறு மாதத்துக்கு ஒரு தவணையாக வரும். மாதச் சம்பளம் போல நினைத்து வீட்டுக் கடன் தவணைக்கு நம்பாதீர்கள். 60 வயது கடந்து, ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்கும் மூத்த கலைஞர்களுக்கு மாதம் 6,000 வரை உதவித் திட்டம் தனியே இருக்கிறது.

எந்தத் திட்டமானாலும், அறிவிப்பு வந்த பிறகு காகிதம் சேர்க்கத் தொடங்கினால் கடைசித் தேதி போய்விடும். சங்கமாகப் பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும். அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகம். எப்படிப் பதிந்தாலும் மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கை கேட்பார்கள். இந்த ஆண்டு பதிந்துவிட்டு இந்த ஆண்டே மத்திய மானியம் எதிர்பார்ப்பது வீண். ஊரில் ஏற்கெனவே இருக்கும் நற்பணி மன்றத்தின் பெயரில் கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம், அதன் சட்டதிட்டத்தில் நோக்கங்கள் என்ற பகுதியைப் படித்துப் பார்த்துவிட்டு. ரத்ததானம், மரம் நடுதல், விளையாட்டு என்று மட்டும் இருந்து கலை பண்பாடு பற்றி ஒரு சொல்லும் இல்லையென்றால், பொதுக்குழுவில் தீர்மானம் போட்டுத் திருத்தி, மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்தாக வேண்டும். பல மன்றங்கள் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய படிவங்களையே கொடுத்திருக்காது. அந்தப் பாக்கியை அபராதத்தோடு தீர்க்கவே மாதக்கணக்கில் ஆகும்.

மத்திய அரசுப் பணத்துக்கு என்.ஜி.ஓ. தர்பண் என்ற தொண்டு நிறுவனப் பதிவுத் தளத்தின் எண் கட்டாயம். அமைப்பின் பான் அட்டை, நிர்வாகிகளில் குறைந்தது மூவருடைய பான், ஆதார் வேண்டும். அடுத்து, அரசுப் பணப் பட்டுவாடாவுக்கான பி.எஃப்.எம்.எஸ். தளத்தில் வங்கிக் கணக்கைப் பதிய வேண்டும். விண்ணப்பங்கள் சிக்கும் முள் இங்கேதான் இருக்கிறது, அதற்கும் கலைக்கும் சம்பந்தமில்லை: பெயர். நம் முன்னெழுத்துப் பழக்கம் கணினிக்குப் புரிவதில்லை. ஆதாரில் ‘மு. கோவிந்தன்’, பான் அட்டையில் ‘கோவிந்தன் முனுசாமி’, வங்கிப் புத்தகத்தில் ‘கோவிந்தசாமி எம்’ என்று ஒரே ஆள் மூன்று ஆளாக இருப்பார். ஊரில் அவருக்கு நான்காவதாக ஒரு பெயர் இருக்கும். நோட்டீஸிலும் பத்திரிகைச் செய்தியிலும் அதுதான் அச்சாகியிருக்கும். ரெப்பர்ட்டரி மானியத்தில் சிஷ்யர் பணம் அவரவர் வங்கிக் கணக்குக்குப் போவதால், பதினெட்டுப் பேருக்கும் இந்தச் சரிபார்ப்பைச் செய்தாக வேண்டும். முதலில் ஆதாரைத் திருத்துங்கள், அதை வைத்து மற்றதை மாற்றுங்கள். நோட்டீஸில் உள்ள மேடைப்பெயருக்கு ‘இவரும் அவரும் ஒருவரே’ என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுத்துக்கொண்டால் போதும்.

பட்ஜெட் எழுதும்போது ‘உணவு ஒரு லட்சம், இதரச் செலவு ஐம்பதாயிரம்’ என்று முழு எண்ணாகப் போட்டால் அங்கேயே கை வைப்பார்கள். அந்த 4 லட்சத்தை இப்படிப் பிரிக்கலாம். வாத்தியார் இருவர், பத்து நாள், நாளுக்கு 2,000 வீதம் 40,000. மேளம், ஆர்மோனியம், முகவீணை, தாளம் என நால்வர், நாளுக்கு 1,500 வீதம் 60,000. முப்பது பேருக்குப் பத்து நாள் சாப்பாடு, தலைக்கு 250 வீதம் 75,000. அரங்கேற்ற இரவில் கூட ஆடும் மூத்த ஆட்டக்காரர் பத்துப் பேருக்குத் தலா 2,500 என 25,000. உடுப்பு, கட்டை (மரத்தில் செதுக்கிய அணிகலன்), அரிதாரம் 60,000. பந்தல், மேடை, மைக்செட், விளக்கு 50,000. பயணம் 30,000, வீடியோ பதிவு 40,000, அச்சு 10,000, ஆடிட்டர் 10,000. எத்தனை பேர், எத்தனை நாள், என்ன கூலி என்று பெருக்கிக் காட்டிய வரியை யாரும் எளிதில் வெட்ட முடியாது.

இதில் சிக்கலானது கட்டை. கல்யாணமுருங்கை மரத்தில் கிரீடமும் புஜமும் செதுக்குபவரிடம் ஜி.எஸ்.டி. பில் இருக்காது. அதற்காக அந்தத் தொகையை வேறு கடைப் பில்லில் மறைக்க வேண்டாம். பின்னால் தணிக்கையில் அதுதான் முதலில் பிடிபடும். அவருடைய பெயர், முகவரி, பொருள் வாரியாக விலை, கையெழுத்தோடு வெள்ளைத்தாளில் விலைப்புள்ளி வாங்கி விண்ணப்பத்தோடு வையுங்கள். வேலை முடிந்ததும் அதே கையெழுத்தில் ரசீது, பொருளோடு ஒரு படம், பணம் அவருடைய வங்கிக் கணக்குக்கு.

தேதி விஷயத்தில் இன்னொரு தப்பு நடக்கும். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது என்று சித்திரை, வைகாசியில் பட்டறையைப் போட்டுவிடுவார்கள். வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் காலம் அது. வாத்தியார் எப்படி வருவார்? வந்தாலும் பாதி ராத்திரி ஆடிவிட்டு வந்த கண்ணோடு உட்கார்ந்திருப்பார். ஐப்பசி, கார்த்திகையில் மழை. பந்தல் நிற்காது, பள்ளிக்கூடக் கட்டடமோ சமுதாயக் கூடமோ வேண்டும். மார்கழி நல்லது. ஆனால் அனுமதி ஆணை கைக்கு வரும் முன் தேதியை நோட்டீஸில் அடிக்காதீர்கள்.

மாநிலத்தில் கிடைப்பவை சிறு தொகைகள், பிடுங்கலும் குறைவு. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் இசைக்கருவி, ஆடை அணிகலன் வாங்கக் கலைஞருக்குத் தலா 10,000 தருகிறது. நலிந்த கலைஞர்களுக்கு மாதம் 3,000 நிதியுதவி தனி. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராக இருந்தால் பிள்ளைகள் படிப்பு, திருமணம், விபத்து போன்றவற்றுக்கு உதவி உண்டு. வாரிய அட்டை உள்ள கலைஞர் என்பது மற்ற விண்ணப்பங்களிலும் சான்றாக நிற்கும் என்பதற்காகவே குழுவில் எல்லாரையும் பதிந்து வைப்பது நல்லது. மாவட்டக் கலை மன்ற விருதுகள் (கலை இளமணி முதல் கலை முதுமணி வரை வயதுவாரியாக ஐந்து) பணத்தில் சிறியவை, 4,000 முதல் 20,000 வரை. ஆனால் டெல்லிக்குப் போகும் கோப்பில் அரசு முத்திரையோடு ஒரு காகிதம் இருப்பதன் மதிப்பு அதைவிடப் பெரியது.

அரசுக்கு வெளியே என்றால் பெங்களூரின் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ். 1995 முதல் மானியம் தருகிறது. தமிழிலேயே எழுதி அனுப்பலாம் என்பது பலருக்குத் தெரியாமல், ஆங்கிலம் தெரிந்த யாரோ ஒருவர் எழுதித்தந்த வெற்று வார்த்தைகளை அனுப்பிவிடுகிறார்கள். ஏற்கெனவே ஆடும் கூத்தை அப்படியே ஆடப் பணம் கேட்க இது இடமில்லை. நீங்கள் எதைத் தேடுகிறீர்கள், கலையில் எதைச் சோதித்துப் பார்க்கப் போகிறீர்கள் என்றுதான் கேட்பார்கள். ‘அழிந்துவரும் கலையைக் காக்க’ என்று தொடங்கும் விண்ணப்பம் அங்கே எடுபடுவது கடினம்.

வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கங்கள் உதவ முன்வந்தால் கணக்கு எண்ணைக் கொடுக்கும் முன் நிதானியுங்கள். எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் அனுமதி இல்லாத அமைப்பு வெளிநாட்டு நன்கொடை வாங்குவது குற்றம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து தருவது அதில் சேராது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர், சொந்த ஊர்க்காரராகவே இருந்தாலும், தருவது சேரும். அந்த அனுமதிக்கு மூன்றாண்டு இயங்கி, கடந்த மூன்றாண்டில் 15 லட்சம் செலவிட்டிருக்க வேண்டும். சிறு குழுக்களுக்கு எட்டாத உயரம். கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணத்துக்கும் வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி, அதோடு சி.எஸ்.ஆர்-1 பதிவு என்று ஒரு வரிசை நிற்கிறது.

பணம் வந்த அன்றே தொடங்க வேண்டியது கணக்கு. மானியத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. கூலியைக் கையில் கொடுத்தால் வவுச்சரில் பெயர், நாள், வேலை, தொகை, கையெழுத்து. 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்து. பேனரில் அமைச்சகத்தின் பெயர் தெரியும்படி முதல் நாளே படம் எடுங்கள். காற்றில் கிழிந்த பேனரைப் பிறகு எடுக்க முடியாது. முடிவில் மத்திய அரசு நிதி விதிகளின் ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ், ஆடிட்டர் கையெழுத்திட்ட வரவு செலவு, அறிக்கை, படங்கள், செய்தித் துணுக்குகள். வரவு செலவில் மானியத்தை மட்டும் காட்டாமல் முழு 4 லட்சத்தையும் காட்டுங்கள். 3 லட்சத்துக்கு மட்டும் கணக்குக் கொடுத்தால் திட்டச் செலவே 3 லட்சம்தான் என்று எடுத்துக்கொண்டு, அதில் 75 சதவீதம் 2,25,000 என்று முதல் தவணையோடு நிறுத்திவிட இடம் இருக்கிறது. ஊரில் வசூலித்த அந்த ஒரு லட்சத்துக்கும் ரசீதுப் புத்தகம் வேண்டும் என்பது இதனால்தான்.